திருகோணமலையில் இருந்துகொண்டு மீக்கணினி மென்பொருளுக்குக் கைகொடுப்பது எப்படி

போன மாரியில் ஒரு நாள், உப்புவெளிப் பக்கம் மழைக்கு ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கினோம். கூட நின்றவர் கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கும் தம்பி. "அண்ணா, சுப்பர் கம்பியூட்டரைக் கண்ணாலும் கண்டதில்லை. அதில் ஓடுகிற மென்பொருளில் நாங்கள் என்னத்தைச் செய்யலாம்?" என்று கேட்டார். நானும் கண்டதில்லை என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். உண்மை அதுதான். சில வருடங்களாக இந்தத் துறையின் திறந்த மூல மென்பொருள்களுக்கு, அதாவது நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடியவற்றுக்கு, சின்னச் சின்ன வேலைகள் செய்து வருகிறேன். எல்லாம் 8 ஜிபி நினைவகம் உள்ள ஒரு பழைய மடிக்கணினியில். மழை விடும்வரை அவருக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

இது என்ன வேலை

மீக்கணினி என்றால் பிரமாண்டமான ஒற்றைக் கணினி என்று நினைக்க வேண்டாம். ஆயிரக்கணக்கான கணினிகளை வேகமான வலையமைப்பால் இணைத்து, ஒரே கணக்கைப் பங்கு போட்டுச் செய்ய வைப்பதுதான் அது. நிலாவெளிக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவருக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. இரண்டு கயிற்றிலும் ஆட்கள். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும், மீன் போய்விடும். ஆகவே முந்தியவர்கள் பிந்தியவர்களுக்காக நிற்பார்கள். மீக்கணினி நிரலிலும் நிறைய நேரம் இப்படி நிற்பதில்தான் போகிறது.

இந்த இயந்திரங்களுக்கு ஆயுள் குறைவு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்தில் 2012 இல் உலகின் முதலிடம் பிடித்த டைட்டன் 2019 இல் நிறுத்தப்பட்டது. 2018 இல் அதே இடத்தில் முதலிடம் பிடித்த சமிட் 2024 இல் போய்விட்டது. ஆனால் இப்படியான இயந்திரங்களில் எல்லாம் பாவிக்கப்படும் லாபேக் என்ற கணித லைப்ரரி 1992 இல் வெளிவந்தது. அதற்கு அடித்தளமான பிளாஸ் 1979 இலிருந்து வருகிறது. இயந்திரம் ஆறேழு வருடத்தில் பழைய இரும்புக்குப் போகிறது. நிரல் ஒவ்வொரு முறையும் புது வீட்டுக்குக் குடிபோகிறது. சிப் மாறும், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் மாறும், கணக்கில் பாதி கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும். ஒவ்வொரு குடிபோதலிலும் ஏதாவது உடையும். அதைக் கண்டுபிடித்து, திருத்தி, சோதித்து, எழுதி வைக்க ஆள் வேண்டும். புதிதாக எழுத ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். இந்தப் பராமரிப்புக்கு வருகிறவர்கள் கொஞ்சம். நாங்கள் நுழைய வேண்டிய வாசல் அதுதான்.

முதற்படி: மடிக்கணினியை ஆயத்தப்படுத்துங்கள்

லினக்ஸ் வேண்டும். உலகின் முதல் 500 மீக்கணினிகளும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன. விண்டோஸை விட மனமில்லாதவர்கள் டபிள்யூ.எஸ்.எல் போட்டுக்கொண்டால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் கிடைக்கும். கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி), பைதன், சிமேக் (மூல நிரலைக் கட்ட உதவும் கருவி), சி கம்பைலர், ஃபோர்ட்ரான் கம்பைலர், ஓப்பன் எம்.பி.ஐ ஆகியவற்றை நிறுவுங்கள். ஃபோர்ட்ரானா என்று முகம் சுளிக்க வேண்டாம். வானிலையும் கடலும் இன்னும் பெரும்பாலும் அந்த மொழியில்தான் கணிக்கப்படுகின்றன. இந்தப் படிக்கு ஒரு பின்னேரம் போதும்.

இரண்டாம் படி: நான்கு பேரை வைத்து வலை இழுங்கள்

இதை அவசரப்படாமல் செய்யுங்கள். பல கணினிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக் கணக்குச் செய்வதற்கான பொது விதிமுறைதான் எம்.பி.ஐ. அதன் முதற் பதிப்பு 1994 இல் வந்தது. அதைப் பழக ஒரே மடிக்கணினி போதும். எம்.பி.ஐ.ரன் என்ற கட்டளையில் நான்கு என்று எண் கொடுத்தால், உங்கள் நிரலின் நான்கு பிரதிகள் ஒரே நேரத்தில் ஓடும். உங்கள் சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குச் செய்யும் கோர் இரண்டு மட்டும் இருந்தால் ஓப்பன் எம்.பி.ஐ இடமில்லை என்று மறுக்கும். ஓவர்சப்ஸ்கிரைப் என்ற தெரிவைச் சேர்த்தால் விட்டுக்கொடுக்கும். வேகம் வராது. பழகத்தானே போகிறோம், அது பரவாயில்லை.

மூன்று சின்னப் பயிற்சிகள் செய்து பாருங்கள்.

ஒன்று, பத்து இலட்சம் எண்களை நால்வருக்கும் பங்கிட்டுக் கூட்டி, கடைசியில் ரெடியூஸ் என்ற எம்.பி.ஐ கட்டளை மூலம் ஒன்றாக்குங்கள்.

இரண்டு, வேண்டுமென்றே நிரலை முடக்குங்கள். இரண்டு பிரதிகளும் முதலில் ஒன்றுக்கொன்று செண்ட் செய்துவிட்டு, அதன் பிறகே ரிசீவ் செய்யும்படி எழுதுங்கள். பத்து எண்களை அனுப்பினால் வடிவாக ஓடும். பத்து இலட்சம் எண்களை அனுப்பினால் அப்படியே உறைந்து நிற்கும். செய்தி சிறியதாக இருந்தால் உள்ளே ஒரு தற்காலிக இடத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறது; பெரியதாக இருந்தால் எதிர்ப்பக்கம் கை நீட்டும்வரை காத்திருக்கிறது. இருவரும் கொடுக்கவே நிற்கிறார்கள், வாங்க ஆளில்லை. சின்னச் சோதனையில் ஓடிப் பெரிய கணக்கில் உறையும் பிழைகளில் பாதியாவது இந்தச் சாதிதான் என்பது என் அனுபவம்.

மூன்றாவதுதான் முக்கியம். அதே கூட்டலை நான்கு பிரதிகளிலும் எட்டுப் பிரதிகளிலும் ஓட்டி, தசமப் புள்ளிக்குப் பின் 16 இலக்கம்வரை அச்சிட்டுப் பாருங்கள். கடைசி இலக்கங்கள் மாறலாம். பிழை என்று பதற வேண்டாம். பைதனைத் திறந்து, ஒன்றுக்குப் பின் 16 பூச்சியம் போட்ட தசம எண்ணோடு ஒன்றைக் கூட்டி, அதே பெரிய எண்ணைக் கழியுங்கள். விடை பூச்சியம். முதலில் கழித்துவிட்டுப் பிறகு ஒன்றைக் கூட்டினால் விடை ஒன்று. கணினியின் தசம எண்ணுக்கு இடம் மட்டுப்பட்டது; ஆகவே கூட்டும் ஒழுங்கு மாறினால் விடையும் சற்று மாறும். இது தெரியாமல் புதியவர்கள் பிழை அறிக்கை எழுதி, பொறுமையான பதில் ஒன்றையும் வாங்கி, வெட்கப்பட்டு மறுபடி வராமலே போய்விடுகிறார்கள். நல்ல திட்டங்களின் சோதனைகளில், விடை இவ்வளவுக்குள் ஒத்துப்போனால் போதும் என்று ஓர் எல்லை வைத்திருப்பார்கள். அந்த எல்லை எவ்வளவு, ஏன் அவ்வளவு என்று கேட்கத் தெரிந்தால் நீங்கள் பாதித்தூரம் வந்துவிட்டீர்கள்.

மூன்றாம் படி: திட்டத்தைத் தெரிவு செய்யுங்கள்

பெயருக்காகத் தெரிவு செய்யாதீர்கள். உங்களுக்குத் தேவைப்படும் ஒன்றை எடுங்கள். அப்போதுதான் மூன்றாம் மாதமும் அதில் நிற்பீர்கள்.

எங்கள் ஊர்க்காரருக்குக் கடலும் காற்றும் தூரத்து விடயங்கள் அல்ல. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அப்படியான புயலைக் கணித்துப் பார்க்க டபிள்யூ.ஆர்.எஃப் என்ற வானிலை மாதிரி இருக்கிறது. நிரல் முழுவதும் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் திறந்து கிடக்கிறது. ஆனால் புதியவருக்கு அது பெரிய காடு. அதைவிட ஜியோகிளா என்பதைச் சொல்வேன். சுனாமி அலைகளைக் கணிக்கும் நிரல், கிளாபேக் என்ற தொகுதியின் ஒரு பகுதி. ஃபோர்ட்ரானும் பைதனும் கலந்தது. ஒரே கணினியின் கோர்களுக்குள் ஓப்பன் எம்.பி என்ற முறை மூலம் (ஓப்பன் எம்.பி.ஐ வேறு) வேலையைப் பங்கிடுகிறது. அதனோடு வரும் உதாரணங்களில் 2010 சிலி சுனாமி உண்டு. மடிக்கணினியில் ஓட்டி, பசிபிக்கில் மிதக்கும் 32412 என்ற மிதவை அளந்த அலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2004 ஐக் கண்ட ஊரில் அந்த வரைபடம் திரையில் விரிவதைப் பார்ப்பது வேறொரு அனுபவம். என் வீட்டில் ஆச்சி ஒரு முறை பார்த்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

மருந்து, வேதியியல் பக்கம் நாட்டம் உள்ளவர்களுக்கு மூலக்கூறுகளின் அசைவைக் கணிக்கும் குரோமேக்ஸும் லாம்ப்ஸும் உண்டு. எந்தத் துறையும் இன்னும் பிடிபடவில்லை என்றால் ஸ்பேக். அதைப் பற்றி அடுத்த படியில் சொல்கிறேன்.

எதை எடுத்தாலும் உள்ளே போக முன் வாசலைப் பாருங்கள். உரிமக் கோப்பு இருக்கிறதா? கடைசி மாற்றம் எப்போது சேர்ந்தது? வெளியார் அனுப்பிய புல் ரிக்வெஸ்டுகளுக்கு, அதாவது என் மாற்றத்தைச் சேருங்கள் என்ற விண்ணப்பங்களுக்கு, பதில் வருகிறதா, மாதக்கணக்கில் கிடக்கின்றனவா? ஒவ்வொரு மாற்றத்துக்கும் சோதனைகள் தானாக ஓடுகின்றனவா? நான் கடைசிக் கேள்விக்குத்தான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். சோதனை ஓடாத திட்டத்தில் உங்கள் திருத்தம் எதையாவது உடைத்தாலும் உங்களுக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

நான்காம் படி: முதல் பங்களிப்பு

ஸ்பேக் ஒரு நிறுவல் கருவி. கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் டொட் காம்பிளின் 2013 இல் தொடங்கியது. சாதாரண லினக்ஸில் யாரோ கம்பைல் செய்து ஆயத்தமாகக் கட்டி வைத்த பொதியை இறக்கிப் போட்டுவிடுகிறோம். மீக்கணினியில் அது சரிவராது. சிப்புக்கு ஏற்ற கம்பைலர், வலையமைப்புக்கு ஏற்ற எம்.பி.ஐ என்று ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சேர்மானம் வேறு. ஆகவே ஸ்பேக் மூல நிரலை எடுத்து அந்த இயந்திரத்திலேயே கட்டுகிறது. எப்படிக் கட்டுவது என்பதற்கு ஒவ்வொரு மென்பொருளுக்கும் பைதனில் ஒரு செய்முறைக் கோப்பு. இப்போது 8,000 இற்கும் மேற்பட்ட செய்முறைகள் உண்டு. 2025 இல் வந்த முதலாம் பெரும் பதிப்போடு செய்முறைகளைத் தனிக் களஞ்சியமாகப் பிரித்துவிட்டார்கள். பழைய பாடங்களைப் பார்த்துக் கோப்பைத் தேடித் தொலைந்து போகாதீர்கள்.

புதியவருக்குக் கைக்கெட்டும் வேலை, ஒரு செய்முறையில் புதிய பதிப்பைச் சேர்ப்பது. நீங்கள் பாவிக்கும் மென்பொருளின் செய்முறையைத் திறந்து பாருங்கள். மூலத்தில் புதிய பதிப்பு வந்திருக்கும், இங்கே வந்திருக்காது. ஸ்பேக் செக்சம் என்ற கட்டளை புதிய பதிப்பின் கோப்பை இறக்கி அதன் கைரேகையைக் கணித்துத் தரும். அதை ஒரு வரியாகச் சேர்த்து, ஸ்பேக் இன்ஸ்டால் செய்து, கட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு வரி வேலைதானே என்று அதோடு நின்றுவிடாதீர்கள். பழைய பதிப்புக்கும் புதியதற்கும் இடையே கட்டமைப்புக் கோப்பில் என்ன மாறியது என்று ஒப்பிடுங்கள். சிமேக்கின் குறைந்தபட்சப் பதிப்பு ஏறியிருக்கலாம். புதிய லைப்ரரி ஒன்று தேவைப்படலாம். உரிமமே மாறியிருக்கலாம். அவற்றையும் செய்முறையில் எழுதுகிறவரை இரண்டாம் முறை பெயர் சொல்லித் தேடுவார்கள்.

டேட்டாவும் மின்சாரமும் எங்களுக்குக் கவலைதான். களஞ்சியத்தைக் குளோன் செய்யும்போது, அதாவது பிரதி எடுக்கும்போது, டெப்த் தெரிவைக் கொடுத்தால் பழைய வரலாறு இறங்காது, டேட்டா மிச்சம். கட்டும்போது இரண்டு வேலைக்கு மேல் ஒரே நேரத்தில் ஓட விடாதீர்கள். 8 ஜிபி நினைவகம் நிரம்பி இயந்திரம் திணறும். நடு இரவில் கரண்ட் போனாலும் அழ வேண்டாம். ஸ்பேக் ஒவ்வொரு சார்பு மென்பொருளையும் தனித்தனியாக முடித்து வைக்கிறது. காலையில் அதே கட்டளையைக் கொடுத்தால் முடிந்ததை விட்டுவிட்டு மிச்சத்தைத் தொடரும்.

ஸ்பேக் வேண்டாம் என்றாலும் வழி உண்டு. பிடித்த மென்பொருளை அதன் நிறுவல் பக்கத்தைப் பார்த்து, ஒரு வரியும் தவறாமல் நிறுவுங்கள். தடுக்கிய இடத்தை எல்லாம் கொப்பியில் குறியுங்கள். அனுபவசாலிக்கு அந்த இடங்கள் கண்ணில் படாது, காலில் பழகிவிட்டது. புதியவருக்கு மட்டும் தெரியும் அந்தத் தடுக்கல்களைத் திருத்தி அனுப்பினால் அதுவே நல்ல பங்களிப்பு.

ஐந்தாம் படி: கதைக்கும் முறை

நிரலைவிட இதில்தான் எங்கள் பிள்ளைகள் தயங்குகிறார்கள். ஆங்கிலம் பற்றிய பயம் ஒன்று, பெரிய ஆட்கள் என்ற கூச்சம் இன்னொன்று. இங்கே சேர், மிஸ் என்று அழைத்துப் பழகிய வாய்க்கு, ஆய்வுகூட விஞ்ஞானியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது சங்கடமாகத்தான் இருக்கும். அங்கே அதுதான் வழக்கம். நீண்ட வணக்கமும் மன்னிப்பும் எழுதினால் வாசிக்கிறவருக்கு விடயம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

பிழை அறிக்கைக்கு மூன்று வசனம் போதும். என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன், என்ன நடந்தது. அதன் கீழே இயந்திரம், கம்பைலர், எம்.பி.ஐ ஆகியவற்றின் பதிப்புகள். ஸ்பேக்கில் டீபக் ரிப்போர்ட் என்ற கட்டளை தன் பங்கு விபரத்தைத் தானே அச்சிட்டுத் தரும். பிழைச் செய்தியை எழுத்தாகவே ஒட்டுங்கள், படம் பிடித்துப் போடாதீர்கள். படத்துக்குள் யாரும் தேட முடியாது. அனுப்ப முன், வேறு யாராவது இதே பிழையை எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள்.

புல் ரிக்வெஸ்ட் சிறியதாக இருக்கட்டும். என் முதலாவது பெரிய முயற்சியை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. ஒரு திட்டத்தில் சின்னப் பிழை ஒன்றைத் திருத்தப் போய், கண்ணில் பட்ட இடைவெளிகளையும் மாறிகளின் பெயர்களையும் ஒழுங்குபடுத்தி, ஆயிரம் வரிக்கு மேல் மாற்றி அனுப்பினேன். ஒரு மாதம் சத்தமில்லை. பிறகு ஒரு வரிப் பதில்: இதை எங்களால் வாசிக்க முடியாது. மூடிவிட்டார்கள். ஆத்திரம் அடங்கிய பிறகு அந்தப் பிழைக்கான ஆறு வரியை மட்டும், ஒரு சோதனையோடு அனுப்பினேன். இரண்டாம் நாள் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு புல் ரிக்வெஸ்டில் ஒரு காரியம் என்பதை நான் இப்படித்தான் படித்தேன்.

சில திட்டங்கள் கொமிட்டில், அதாவது கிட்டில் பதியும் ஒவ்வொரு மாற்றத்திலும், சைன்ட் ஓஃப் வரி கேட்கும். இந்த நிரலைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி அது. லினக்ஸ் கெர்னல்காரர் 2004 இல் தொடங்கிய வழக்கம். கிட் கொமிட்டோடு எஸ் என்ற எழுத்தைச் சேர்த்தால் வரி தானாக விழும்.

மீளாய்வில் வரும் குறிப்புகளில் 'நிட்' என்று தொடங்கினால் அது அற்பத் திருத்தம், கோபம் அல்ல. 'எல்.ஜி.டி.எம்' என்றால் பார்த்துவிட்டேன், நல்லது என்று அர்த்தம். ஒரு கிழமை பதில் இல்லையென்றால் மரியாதையாக ஒரு முறை நினைவூட்டலாம். நேர வித்தியாசத்தையும் மறக்க வேண்டாம். கலிபோர்னியாவில் காலை 9 மணிக் கூட்டம் என்றால் எங்களுக்குக் கோடைகாலத்தில் இரவு 9.30, அவர்கள் மணியை மாற்றிய பிறகு 10.30.

செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்த நிரலை அப்படியே அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். முதலில் அந்தத் திட்டத்தின் விதியைப் பாருங்கள். விதி அனுமதித்தாலும், ஒரு வரியைக் காட்டி இது ஏன் என்று கேட்டால் உங்களுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத வரியை அனுப்பாதீர்கள்.

ஆறாம் படி: வேகம் பற்றிப் பேச முன்

"நான் எழுதியதால் 30 சதவீதம் வேகம்" என்று எழுத எல்லோருக்கும் ஆசை. மடிக்கணினியில் அளந்து அப்படி எழுதாதீர்கள். கச்சான் காற்று வீசும் யூலை மாதத்து மத்தியானத்தில் என் இயந்திரம் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதே நிரல் விடியப்புறம் ஓடினால் வேறு எண். அளந்தே ஆக வேண்டும் என்றால் பத்து முறை ஓட்டி, நடு எண்ணையும் சிதறலையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

1967 இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் சொன்ன கணக்கையும் கைவசம் வைத்திருங்கள். நிரலில் 5 சதவீதம் பங்கிட முடியாத பகுதி என்றால், எத்தனை ஆயிரம் கோர் கொடுத்தாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் ஏறாது. உண்மையான இயந்திரத்தில் அளக்க வேண்டிய மாற்றம் என்றால் புல் ரிக்வெஸ்டில் அப்படியே சொல்லிவிடுங்கள்: எனக்கு இயந்திர வசதி இல்லை, யாராவது ஓட்டிப் பார்க்க முடியுமா? வெட்கம் வேண்டாம். அணுகல் உள்ளவர்கள் அந்தத் திட்டத்திலேயே இருப்பார்கள்.

உரிமங்கள் பற்றிச் சுருக்கமாக

எம்.ஐ.டி, பி.எஸ்.டி, அப்பாச்சி உரிமங்கள் தளர்வானவை. ஜி.பி.எல் உரிமத்தின் கீழ் உள்ள நிரலை மாற்றி வெளியே கொடுத்தால் உங்கள் மாற்றத்தின் மூலத்தையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். ஒன்றிலிருந்து வெட்டி இன்னொன்றில் ஒட்ட முன் இரண்டையும் வாசியுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் ஒப்பந்தத்தில், நேரத்துக்கு வெளியே எழுதும் நிரல் யாருக்குச் சொந்தம் என்ற பந்தியைத் தேடிப் பாருங்கள்.

சேர்ந்த பிறகு

தனியாக இருந்தால் கை சோரும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து கிழமைக்கு ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள். ஒருவர் அனுப்ப முன் மற்றவர் மீளாய்வு செய்யட்டும். இந்த நாட்டுக்கு இது புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு சில நாட்களுக்குள் இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதத் தொடங்கியதுதான் சஹானா என்ற திறந்த மூல அனர்த்த முகாமை மென்பொருள். காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிவு செய்ய எழுந்த அந்த நிரல் பிறகு வெளிநாடுகளுக்கும் போனது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் 2006 ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதையும் பெற்றது. இப்போது வருடந்தோறும் கூகுள் சம்மர் ஒஃப் கோட் திட்டம் உதவித்தொகையோடு புதியவர்களை எடுக்கிறது. 2022 இலிருந்து மாணவர் அல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம். முன்பே இரண்டு மூன்று திருத்தம் சேர்ந்தவருக்கு அங்கே வாய்ப்பு அதிகம்.

சொந்தமாக ஓர் ஆய்வு மென்பொருள் எழுதிவிட்டால், அதை எப்படிச் சான்று காட்டுவது என்று ஒரு சிறு கோப்பைச் சேர்த்து வையுங்கள். ஜோஸ் என்ற திறந்த மூல மென்பொருள் ஆய்விதழ், நிரலையும் அதன் சோதனைகளையும் சேர்த்தே மீளாய்வு செய்து வெளியிடுகிறது, கட்டணம் இல்லை. எங்கள் பல்கலைக்கழகப் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாமலே இருக்கிறது.

ஸ்பேக் செய்முறைகளின் தலைப்பகுதியில் மெயின்டெய்னர்ஸ், அதாவது பராமரிப்பாளர்கள், என்று ஒரு வரி உண்டு. இரண்டு மூன்று முறை ஒரே செய்முறையைத் திருத்திய பிறகு உங்கள் கிட்ஹப் பெயரை அங்கே சேர்க்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சந்தோசமாகச் சம்மதிப்பார்கள். அதன் பிறகு உலகில் எங்கிருந்து யார் அந்தக் கோப்பைத் தொட்டாலும் உங்களுக்கு அறிவித்தல் வரும். ஜெர்மனியில் யாருக்கோ புதிய கம்பைலரில் கட்டுப்படவில்லையாம், பார்க்கச் சொல்கிறார்கள் என்று, சரியாக இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வரும். புட்டு ஆறிப்போகும். பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள்.